முதல் இசைத்தட்டும் முதல் செவியும்



இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாண்டு நிறைவு விழாவில் இசைத்தட்டைப் பற்றிய பேச்சுக்கு இடமுண்டா என்னும் ஐயம் இங்கே சிலருக்கு எழக்கூடும். அதுவும் திரைப்பட இசைத்தட்டு. ஆயினும் கழுகுமலையில் இந்த ஐயம் நெடுநேரம் நிற்க வழியில்லை. காவடி தூக்கி நடப்போரின் கால்களுக்கு இசைந்த பாட்டு, புலவர்கள் போற்றும் இலக்கியமாக உயர்ந்தது இம்மலையடிவாரத்து முருகனை முன்னிட்டேயாகும். அவைக்கும் தெருவுக்கும் இடையே கிடந்த வேலியைத் தாண்டிய பாட்டுக்கு உரிய ஊரில், அதே வேலியைப் பின்னொரு காலத்தில் தாண்டிய பாட்டைப் பற்றிப் பேசுவது முறையே ஆகும்.

பேச்சின் பொருள் இதுதான். ஒரு கலைஞனின் முதல் படைப்பை ஒரு செவி முதன்முறையாகக் கேட்கும்போது அங்கே நிகழ்வது என்ன? புதியது ஒன்று உள்ளே வருகிறதா, அல்லது உள்ளே ஏற்கெனவே இருந்த ஒன்று வெளியே வருகிறதா?

ஓராண்டில் இரண்டு முதல் தட்டுகள்

1976-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அமெரிக்காவில் ‘ரமோன்ஸ்’ என்னும் இசைக்குழுவின் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. குழுவின் பெயரே தொகுப்பின் பெயருமாயிற்று. நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியிலிருந்து வந்த நான்கு இளைஞர்கள் அவர்கள். உடன்பிறந்தவர்கள் அல்லர், ஆயினும் நால்வரும் ரமோன் என்ற ஒரே குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டனர். பதினான்கு பாடல்கள், அனைத்தும் சேர்ந்து 29 நிமிடம். பதிவு செய்ய எடுத்துக்கொண்டது ஏறத்தாழ ஒரு வாரம். ஆன செலவு ஏறத்தாழ 6,400 டாலர். அக்காலத்தில் பெருங்குழுக்களின் தொகுப்புகளுக்கு ஆன செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறு தொகை.

அந்நாளில் மேனாட்டு ராக் இசை மிக நீண்டு போயிருந்தது. ஒரு பாடல் தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். கிட்டார் வாசிப்பவர் தம் விரல் வேகத்தைக் காட்டப் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்வார். கேட்கும் இளைஞனுக்கு வியப்பு உண்டாயிற்று. தன்னாலும் இது முடியும் என்ற எண்ணம் மட்டும் உண்டாகவில்லை. ரமோன்ஸ் குழுவினர் மூன்று நான்கு சுரக்கட்டுகளையே வைத்துக்கொண்டு, தனி வாசிப்பை அறவே விலக்கி, ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் பாட்டைத் தொடங்கி முடித்தனர். விற்பனையில் அத்தட்டு தோற்றது என்றே சொல்ல வேண்டும். அமெரிக்கத் தரவரிசையில் 111-ஆம் இடத்துக்கு மேல் அது ஏறவில்லை. ஐந்து லட்சம் படிகள் விற்றதற்கான தங்கத்தட்டுச் சான்று 2014-இல்தான் கிடைத்தது. ஆனால் 1976 ஜூலை 4-ஆம் நாள் அக்குழு லண்டனில் வாசித்ததற்குப் பிறகு, அடுத்த ஓராண்டுக்குள் பிரிட்டனில் ‘பங்க்’ எனப்படும் இசை ஓர் இயக்கமாகவே எழுந்தது. கேட்டவர்களுள் பலர் வாங்குவதோடு நில்லாமல் தாமே வாசிக்கத் தொடங்கினர் என்பதே அத்தட்டின் வரலாறு.

அத்தட்டு வெளிவந்து சரியாக மூன்று வாரம் கழித்து, 1976 மே 14-ஆம் நாள், தமிழ்நாட்டில் ‘அன்னக்கிளி’ திரைப்படம் வெளிவந்தது. தேவராஜ்-மோகன் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். கதை ஆர்.செல்வராஜ், திரைக்கதை, உரையாடல், பாடல்கள் பஞ்சு அருணாசலம். சிவகுமாரும் சுஜாதாவும் நடித்தனர். இசையமைத்தவரின் பெயரைத் தமிழ்நாடு அதற்கு முன் கேட்டதில்லை. அப்பெயர் இளையராஜா.

நியூயார்க் இளைஞர்கள் பண்ணைப்புரத்தை அறியார். பண்ணைப்புரத்துக்காரர் அவர்களை அறியார். இரண்டுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் ஏதுமில்லை. இசை வகையாலும் ஒன்றுக்கொன்று உறவில்லை. எனினும், ஒரே ஆண்டின் ஒரே பருவத்தில், இரு வேறு நிலங்களில், பெரிதும் அலங்கரிக்கப்பட்ட இசைக்கு நடுவே எளிய குரல் ஒன்று தலைதூக்கியது ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

கரிசலில் கேட்ட விதம்

அன்னக்கிளியின் பாடல்களைக் கரிசல் நாடு எவ்வாறு கேட்டது என்பதை அறிந்தாலன்றி அதன் விளைவு விளங்காது. இன்று ஒருவர் தம் செவிக்குள் கருவியைச் செருகிக்கொண்டு தனியே கேட்கிறார். 1976-இல் கோவில்பட்டி வட்டாரத்தில் பாட்டு என்பது பலர் கூடிக் கேட்பது. கிராமபோன் பெட்டியும் தட்டும் வாங்கும் வசதி சிலருக்கே இருந்தது. மற்றவர்க்குப் பாட்டு மூன்று வழிகளில் வந்தது. முதலாவது வானொலி. 1963-இல் தொடங்கிய திருநெல்வேலி நிலையமும், அதைவிட விருப்பமாகத் தென்மாவட்டத்தார் திருப்பிவைத்த இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையும் இதில் அடங்கும். இரண்டாவது டூரிங் டாக்கீஸ். படம் தொடங்கும் முன் கொட்டகையின் ஒலிபெருக்கியில் ஒலிக்கும் பாட்டைக் கேட்டே சுற்று ஊர்க்காரர்கள் நடையை எட்டிப்போடுவார்கள். மூன்றாவது கல்யாண வீட்டு ரேடியோ செட். வேப்பமரக் கிளையில் கட்டிய குழாய் ஊரின் நான்கு தெருவுக்கும் பாட்டைக் கொண்டுபோகும். கேட்க விரும்பியவர் விரும்பாதவர் என்ற பேதம் அதற்கு இல்லை.

இவற்றோடு தீப்பெட்டி ஆபீசுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மானாவாரிக் கரிசலில் மழை பொய்த்தால் பருத்தியும் கம்பும் உளுந்தும் பொய்க்கும். அந்நாள்களில் அடுப்பெரிய வைத்தது தீப்பெட்டித் தொழிலே. குச்சிகளைக் கட்டையில் அடுக்கும் பெண்களுக்கும், வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டும் பெண்களுக்கும் கை ஓயாது. செவி மட்டுமே ஓய்வாக இருக்கும். அச்செவிக்குத் துணை தெருவில் ஒலிக்கும் பாட்டு.

அக்காலத் திரையிசை எந்நிலையில் இருந்தது? மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விசுவநாதனின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அவ்வாட்சியின் பெருமையைக் குறைத்துக் கூற ஒருவருக்கும் நாவெழாது. ஆனால் இளைஞர் கூட்டம் இந்திப் பாடல்களின் பின்னே போயிருந்தது. 1969-இல் வந்த ‘ஆராதனா’, 1973-இல் வந்த ‘பாபி’, ‘யாதோன் கி பாராத்’ ஆகிய படங்களின் பாடல்கள், மொழி புரியாத தமிழ்நாட்டு நகரங்களிலும் முழங்கின. புரியாத மொழியில் பாடுவது நாகரிகமாகவும், புரிந்த மொழியில் தன் தாய் பாடிய மெட்டைப் பாடுவது பட்டிக்காட்டுத்தனமாகவும் கருதப்பட்ட காலம் அது.

இந்நிலையில் ரேடியோ செட்டின் குழாயிலிருந்து அன்னக்கிளியின் பாடல் முதன்முறையாக வருகிறது. எஸ்.ஜானகியின் குரல். சொல் பேச்சுச் சொல். மெட்டு, களையெடுக்கும் காட்டிலும் ஆற்றங்கரையிலும் கேட்டதுபோன்ற மெட்டு. கல்யாணப் பாட்டென்றால், மணமக்களைச் சூழ்ந்து பெண்கள் கேலி பேசும் அதே தோரணை. கேட்ட பெண்ணுக்கு முதலில் தோன்றியிருக்கக்கூடியது ‘இது புதிதாக இருக்கிறதே’ என்னும் வியப்பன்று. ‘இது இங்கே பாடுவதாயிற்றே, இது எப்படிக் குழாய்க்குள் போயிற்று’ என்னும் திகைப்பே ஆகும். தன் வீட்டுப் பொருளைக் கடைத்தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குள் காண்பவருக்கு உண்டாகும் திகைப்பு அது. அத்திகைப்பு அடங்கியபின் வருவது ஒரு நிமிர்வு. தாயும் பாட்டியும் பாடியது தட்டில் ஏறத்தக்கது என்றால், இதுநாள் வரை அதற்காகக் கூசியது வீண்தானே!

முதல் படைப்பின் வலிமை இந்த இடத்தில் இருக்கிறது. கூச்சத்தை அகற்றும் ஆற்றலே அது. நியூயார்க்கில் நிகழ்ந்ததும் ஏறத்தாழ இதுவே. ரமோன்ஸ் குழுவினர் வானத்திலிருந்து புதிய இசை எதையும் கொண்டுவரவில்லை. பழைய, குறுகிய, வேகமான ராக் பாட்டுகளைப் பள்ளி வயதில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். முதல் தொகுப்பிலேயே 1962-இல் வெளிவந்த பழைய பாட்டு ஒன்றைத் தம் போக்கில் பாடியிருக்கிறார்கள். பெரியவர்கள் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிட்ட ஒன்றை எடுத்து, இரைச்சலோடு திருப்பிக் கொடுத்தார்கள். கேட்டவர்கள் தங்களுடையதைத் தாங்களே அடையாளம் கண்டுகொண்டார்கள்.

எளிமைக்குப் பின்னால் இருந்த பயிற்சி

ஒப்புமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். ரமோன்ஸ் குழுவினர் தமக்குத் தெரிந்த சிலவற்றையே ஆயுதமாக்கிக்கொண்டவர்கள். இளையராஜாவின் எளிமை வேறு வழியில் வந்தது.

1943-இல் இன்றைய தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இராசையா, அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் வாசித்து வளர்ந்தவர். மக்கள் அறிந்த மெட்டில் புதிய சொல்லை ஏற்றிப் பாடுவது பாவலரின் வழக்கம். நாட்டுப்புற மெட்டு எந்த இடத்தில் கூட்டத்தைத் தொடும், எந்த இடத்தில் கைதட்டல் எழும் என்பது அவ்வாறு இளம் வயதிலேயே பழகிய பாடமாயிற்று. 1968-இல் சென்னைக்கு வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையை முறையாகக் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார் தேர்விலும் தேறினார். இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராகப் பல படங்களில் பணியாற்றினார். ஆகவே முதல் படத்துக்கு இசையமைக்கும்போது அவர் முப்பத்திரண்டு வயது நிரம்பியவர். தொழிலின் நெளிவு சுளிவுகளை முற்றும் அறிந்தவர்.

பஞ்சு அருணாசலத்தைச் சந்தித்தபோது, இசைக்கருவி ஏதுமின்றித் தாளம் தட்டியே அவர் தம் மெட்டுகளைப் பாடிக்காட்டினார் என்பது பலரும் கூறும் செய்தி. அப்பாடல்களுக்குப் பொருந்தும் கதை ஒன்று அமைந்தபோதுதான் படம் உருவாயிற்று. இராசையாவை ராஜா என்று அழைத்தவர் தன்ராஜ் மாஸ்டர்; ஏ.எம்.ராஜா முன்னமே புகழோடு இருந்தமையால் ‘இளைய’ என்னும் அடையைச் சேர்த்தவர் பஞ்சு அருணாசலம். பாடற்பதிவு தொடங்கும் நேரத்தில் மின்சாரம் நின்றுபோனதையும், அதைச் சகுனமாகச் சிலர் எண்ணியதையும் தமிழ்நாடு திரும்பத் திரும்பச் சொல்லிக் கேட்டிருக்கிறது.

நாட்டுப்புற மெட்டு அதற்கு முன்பும் திரையில் ஒலித்ததுண்டு. கே.வி.மகாதேவனும் விசுவநாதன்-ராமமூர்த்தியும் அதைக் கையாண்டிருக்கிறார்கள். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் அதற்கேற்ற சொல்லைத் தந்திருக்கிறார். அன்னக்கிளியில் நிகழ்ந்த புதுமை, அம்மெட்டு படத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்ததும், அதன் அடியில் மேனாட்டு இசையின் சுரக்கட்டுகள் உறுத்தாமல் படிந்ததும் ஆகும். கிட்டாரும் புல்லாங்குழலும் தோலிசையும் ஒரு வீட்டுப் பிள்ளைகளாக உட்கார்ந்தன. கேட்பவருக்கு அந்தக் கட்டுமானம் கண்ணில் படாது. களத்துமேட்டுக் குரலே காதில் விழும். மறைந்து நிற்கும் பயிற்சியே எளிமையைத் தாங்கி நிற்பது.

சென்னிகுளம் தந்த முன்மாதிரி

இவ்விடத்தில் கழுகுமலைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. இதே வகை நிகழ்ச்சி, இசைத்தட்டு என்ற ஒன்று தமிழ்நாட்டுக்கு வருவதற்கு முன்பே இங்கு நடந்திருக்கிறது.

சங்கரன்கோயிலுக்கு அருகிலுள்ள சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், முப்பது வயது நிறைவதற்குள் 1891-இல் மறைந்தவர். அவர் கற்காதவர் அல்லர். திருவாவடுதுறை ஆதீனத்தில் தங்கிப் படித்தவர், உ.வே.சாமிநாதையரிடம் பாடம் கேட்டவர். சங்கரன்கோயில் திரிபந்தாதி என்னும் நூல் அவர் பெயரில் உள்ளது. முதலெழுத்து ஒழிய ஏனைய எழுத்துகள் ஒன்றி நிற்கவும் பொருள் வேறுபடவும் பாடும் திரிபு எத்துணைக் கடினமானது என்பதை யாப்புப் பயின்றோர் அறிவர். அவ்வளவு வல்லவர், ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்த காலத்தில், கழுகுமலை முருகன்மேல் பாடியது காவடிச் சிந்து. ஜமீன்தார் காவடி எடுத்துக் கழுகுமலைக்கு நடந்தபோது வழிநடைப் பாட்டாக அது பிறந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி.

சிந்து என்பது பொதுமக்கள் பாட்டு. அதன் அளவுகோல் எழுத்தெண்ணிக்கை அன்று, தாளம். காவடியோடு ஆடி நடக்கும் கால் எங்கே ஊன்றுகிறதோ அங்கே சொல் விழ வேண்டும். அடியின் இறுதியில் இயைபு வந்து மோத வேண்டும். அடுத்த அடிக்கு அதுவே தள்ளுவிசை. ரெட்டியார் இந்தத் தெருப்பாட்டின் துள்ளலைச் சிறிதும் குறைக்காமல், புலமையின் எதுகையையும் மோனையையும் வருணனையையும் அதனுள் நிரப்பினார். இதனாலேயே காவடிச் சிந்து என்னும் இலக்கிய வகைக்கு முதல் நூலாக அது போற்றப்படுகிறது. அவரும் அவ்வகையின் தந்தை எனப்படுகிறார்.

அதை முதன்முறையாகக் கேட்டவர் யார்? அச்சுப் புத்தகத்தைப் பிரித்துப் படித்த புலவர் அல்லர். புழுதி பறக்கும் கரிசல் பாதையில், தோளில் காவடியோடு நடந்த மனிதர். அவருக்கு அது இலக்கிய வகையாகத் தோன்றியிருக்காது; தம் காலுக்கு ஏற்ற பாட்டாகவே தோன்றியிருக்கும். பாட்டு கால்வழியாகப் பரவியது. பின்னரே கண்வழியாகப் படிக்கப்பட்டது. எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதி, வளர்ந்தபின் தேசத்தைப் பாடச் சிந்தை எடுத்தாண்டபோது அதற்குரிய செவி இந்நிலத்தில் முன்னமே பழகிக் கிடந்தது. பின்னொரு தலைமுறையில் இடைசெவலைச் சேர்ந்த கு.அழகிரிசாமி அக்காவடிச் சிந்தைப் பதிப்பித்தார். சிறுகதையின் நுட்பத்தையும் கம்பனின் நுட்பத்தையும் ஒருங்கே அறிந்த அவர், சிந்தையும் அதே மதிப்போடு கையில் எடுத்தார் என்பது இலக்கிய வட்டத்தார் நினைவிற் கொள்ளத்தக்கது.

அண்ணாமலை ரெட்டியாரையும் இளையராஜாவையும் இணைப்பது மெட்டு அன்று. அரியதைச் செய்ய வல்லவர், தெருவில் கிடந்ததைக் குனிந்து எடுத்தார் என்பதே இணைப்பு. இரு இடத்திலும் முதலில் கேட்ட செவி, தன்னுடையதைக் கேட்டது.

எழுத்துலகிலும் கரிசலுக்கு இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. அதே 1976-இல்தான் கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நூலாக வந்தது. பாட்டிமார் சொன்ன கதையை, பாட்டிமார் பேசிய மொழியிலேயே நாவலாக்கியது அந்நூல். அதைப் படித்த கரிசல்காட்டு இளைஞர் பலர், தம் வீட்டுப் பேச்சு அச்சேறத் தக்கது என்று கண்டுகொண்டு எழுத வந்தனர். லண்டனில் ரமோன்ஸைக் கேட்டவர்கள் கிட்டாரைத் தேடிப் போனதும், கோவில்பட்டியில் கி.ரா.வைப் படித்தவர்கள் பேனாவைத் தேடிப் போனதும் ஒரே காரணத்தால்தான்.

திருப்பித் தர வேண்டிய கடன்

புகழ்ச்சியோடு நிறுத்திவிட்டால் பேச்சு முழுமையாகாது. இவ்வெற்றிக்கு ஒரு மறுபக்கம் உண்டு.

வயலிலும் திண்ணையிலும் பாடியவர்களுக்குப் பெயர் இல்லை. பேராசிரியர் நா.வானமாமலை 1964-இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பை வெளியிட்டபோது, ஊர் ஊராகச் சென்று பாடல்களைக் கேட்டு எழுதியவர்களின் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. கரிசல் பகுதியில் அப்பணி செய்தவர்களுள் எஸ்.எஸ்.போத்தையா குறிப்பிடத்தக்கவர். அவ்வாறு ஏட்டில் ஏறியவை சில. ஏறாமல் பாடியவரோடு மறைந்தவை மிகப் பல.

திரையிசை அம்மெட்டுகளைக் குழாய்க்குள் ஏற்றியபோது, கூச்சம் அகன்றது உண்மை. அதோடு மற்றொன்றும் நடந்தது. குழாய் பாடத் தொடங்கியதும் கேட்பவர் வாய் மூடியது. கல்யாண வீட்டில் நலங்குப் பாட்டுப் பாட வேண்டிய பெண்கள், அதே தோரணையில் ரேடியோ செட் பாடுவதைக் கேட்டுக்கொண்டு அமர்ந்தனர். களையெடுப்பில் பாட்டுக்கட்டிப் பாடியவரின் பேத்தி, படப்பாட்டைப் பாடினாள். தன் பாட்டு தட்டில் ஏறத்தக்கது என்று அறிந்த அதே காலத்தில், தட்டில் ஏறியதையே பாட வேண்டும் என்ற பழக்கமும் படிந்தது. இதற்கு இசையமைப்பாளரைக் குறை கூறுவது பொருந்தாது. வேலை முறை மாறியது, கூடிச் செய்யும் வேளாண்மை சுருங்கியது, ஒலிபெருக்கி மலிந்தது ஆகிய காரணங்கள் சேர்ந்தே நிற்கின்றன. ஆயினும் இழப்பு இழப்பே.

பங்க் இசை இவ்வகையில் ஒரு பாடம் சொல்கிறது. அங்கே கேட்டவர் வாய் மூடவில்லை, வாய் திறந்தது. ‘இதை நீயும் செய்யலாம்’ என்பதே அவ்விசை விடுத்த அழைப்பு. அன்னக்கிளி கேட்டவருக்கு நிமிர்வைத் தந்தது. பாடும் உரிமையை அவரிடமே விட்டுவைக்கும் ஏற்பாடு மட்டும் ஊரில் இல்லாமற் போயிற்று. காவடிச் சிந்து இவ்விரண்டையும் ஒருங்கே தந்தது என்று சொல்லலாம். அது புலவர் எழுதியதாயினும், பாட வேண்டியவர் நடப்பவரே.

பிந்தி வரும் செவி

அன்னக்கிளி வெளிவந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிறது. அதன்பின் இளையராஜா ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தார். 2025 மார்ச் மாதம் லண்டனில் அவருடைய சிம்பொனியும் அரங்கேறியது. ரமோன்ஸ் குழுவின் முதல் நால்வருள் இன்று ஒருவரும் உயிரோடு இல்லை. 2014-இல் கடைசி ஒருவரும் மறைந்தார். கைபேசியில் இரண்டு தட்டுகளும் அடுத்தடுத்துக் கிடைக்கின்றன. இன்றைய கல்லூரி மாணவர் ஒருவர் அவற்றை முதன்முறையாகக் கேட்கிறார் என்று கொள்வோமானால், அவருக்கு ஒரு தொல்லை காத்திருக்கிறது. ‘இதிலென்ன புதுமை, எங்கும் கேட்பதுதானே’ என்று அவருக்குத் தோன்றும். தவறு அவருடையதன்று. அவர் பேரப்பிள்ளைகளை முதலில் பார்த்துவிட்டுப் பாட்டனைப் பிறகு பார்க்கிறார். முகச்சாயல் பழகிப்போனதாகத் தெரிவது இயல்பே. வெற்றி பெற்ற முதல் படைப்புக்கு நேரும் விதி அது. அதன் புதுமையை அதன் வழித்தோன்றல்களே தின்றுவிடுகின்றன.

இதற்கு மருந்து உண்டு. அன்னக்கிளியைக் கேட்பதற்கு முன், 1974-லும் 1975-லும் வெளிவந்த தமிழ்ப் பாடல்களையும் அக்காலத்து இந்திப் பாடல்களையும் ஒரு மாலைப்பொழுது கேட்க வேண்டும். அவற்றின் அழகையும் அலங்காரத்தையும் செவி நிரம்பப் பெற வேண்டும். அதன்பின் ஜானகியின் குரல் எழும்போது, அன்று குழாயின் கீழ் நின்றவருக்குக் கிடைத்ததில் ஒரு பங்காவது இன்றைய செவிக்கும் கிடைக்கும். காவடிச் சிந்தையும் அறையில் அமர்ந்து படித்தால் பாதியே கிடைக்கும். பங்குனி உத்திரத்துக்கு நடந்துவரும் கூட்டத்தோடு சிறிது தொலைவேனும் நடந்து கேட்க வேண்டும். எந்தச் சொல்லுக்குக் கால் ஊன்றுகிறது என்பது அப்போது விளங்கும். ஒரு முதல் படைப்பை உண்மையில் முதன்முறையாகக் கேட்பது காலத்தால் முந்தியவருக்கு மட்டும் உரியதன்று. அதற்காகச் செவியைத் தயார் செய்துகொள்ளும் எவருக்கும் உரியது.

மேலே வெட்டுவான் கோயில் நிற்கிறது. ஒரே பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து கோயிலை வெளிக்கொணர்ந்த பாண்டியர் காலச் சிற்பிகள், வேலையை முடிக்காமலே விட்டுச் சென்றனர். வெளியிலிருந்து கல் எதுவும் கொண்டுவந்து அடுக்கப்படவில்லை. இருந்த பாறையில் வேண்டாததைக் களைந்ததே அங்கு நடந்த வேலை. கரிசலில் பாட்டும் அவ்வாறே கிடக்கிறது. சென்னிகுளத்தார் ஒருவர் ஒரு பக்கம் செதுக்கினார். பண்ணைப்புரத்தார் வேறொரு நிலத்தில் வேறொரு பக்கம் செதுக்கினார். மீதிப் பாறை அப்படியே இருக்கிறது.

கழுகுமலையைச் சுற்றிய ஊர்களில், ரேடியோ செட் வருவதற்கு முன் பாடிய பெண்மணிகள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பாடச் சொல்லிக் கேட்டவர் குறைவு. பத்தாண்டு நிறைவு கண்ட இலக்கிய வட்டம், பதினோராம் ஆண்டில் மாதம் ஒருமுறை ஓர் ஊருக்குச் சென்று, அங்குள்ள மூதாட்டி ஒருவர் முன் அமர்ந்து கேட்கலாம். பாடல் பதிவு செய்யப்பட வேண்டும். பாடியவரின் இசைவோடு அவர் பெயரும் பதிவு செய்யப்பட வேண்டும். அந்தப் பாட்டு எந்தத் தட்டிலும் ஏறாததாக இருக்கும். அதைக் கேட்கப் போகும் முதல் வெளியூர்ச் செவி இவ்வட்டத்தினுடையதாக இருக்கும்.